சக்கர நாற்காலியைக் கேடயமாக்காதீர்கள்

நார்வேயின் மேற்குக் கரைக்கு வரும் பெரிய சொகுசுக் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், எதிர்த்தரப்பு உடனே ஒரு முதியவரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுகிறது. முழங்கால் தேய்ந்தவர், அல்லது சக்கர நாற்காலியில் இருப்பவர். 'இவரால் மலையேற முடியாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற முடியாது. கப்பலையும் தடுத்துவிட்டால் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த அந்த ஃபியோர்டை இவர் எங்கே போய்ப் பார்ப்பார்?' கேள்வி மனசைத் தொடும், கேட்கப்படுவதும் அதற்காகத்தான். சூழல் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறி, 'இயற்கையைக் காப்பதும் எல்லோருக்கும் வழிவிடுவதும் ஒரே நேரத்தில் நடக்காது, ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்' என்று இறங்கிவந்துவிடுகிறார்கள். பசுமைப் பயணம் ஒரு தட்டு, எல்லோருக்குமான பயணம் இன்னொரு தட்டு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது இன்று படித்தவர்களின் பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது.

இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. அந்தக் கரையில் உள்ள பெர்கன் நகரத்தின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் இது நிற்காது. காற்றையும் கடலையும் கெடுக்காத ஏற்பாடுகளும், நடக்க முடியாதவருக்கு வழிவிட்ட ஏற்பாடுகளும் அங்கே ஒரே கையிலிருந்துதான் வந்தன. உள்ளூர்க்காரருக்காகப் பொதுப்பணத்தில், சட்டத்தின் கட்டாயத்தில் செய்யப்பட்ட வேலைகள் அவை. சுற்றுலா வியாபாரம் பிறகு வந்து அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கப்பலையே பார்ப்போம். உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட் இருக்கிறது, அகலமான நடைவழி இருக்கிறது, சக்கர நாற்காலியே நுழையும் குளியலறை இருக்கிறது. ஆனால் இந்த வசதியெல்லாம் கப்பலின் வசதி, இறங்குபலகையோடு முடிந்துவிடும். கெய்ராங்கர் ஃபியோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கரையில் இருப்பது சில நூறு பேரே வாழும் கிராமம். பெருங்கப்பல்கள் கட்டுவதற்கு ஏற்ற கரை அங்கே இல்லாததால் அவை ஃபியோர்டின் நடுவே நங்கூரம் போட்டு நிற்கின்றன. ஒரு கப்பலுக்கு மட்டும் பயன்படும் மிதவைப் பாலம் ஒன்று உண்டு. மற்றக் கப்பல்களின் பயணிகள் சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகில் ஏறச் சில படிகளையாவது சொந்தக் காலில் தாண்ட வேண்டும், நீர் ஆடினால் சக்கர நாற்காலியை ஏற்றமாட்டோம் என்று பல நிறுவனங்கள் தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பாதுகாப்பு காரணம், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாருடைய பெயரைச் சொல்லிக் கப்பல் அங்கே வந்ததோ, அவர்தான் மேல்தளத்தில் உட்கார்ந்து ஊரைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். கூட வந்தவர்கள் கரைக்குப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

பெர்கனில் கப்பல் கரையோடு கட்டும். அதனால் நிலைமை மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நார்வேயிலேயே அதிகமான சொகுசுக் கப்பல் பயணிகள் இறங்கும் துறை; ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். நகராட்சி வகுத்த வரம்பின்படியே நாளொன்றுக்கு நான்கு கப்பல்களும் 8,000 பயணிகளும் வரலாம். வரம்பு கடுமையானது என்று துறைமுக வட்டாரத்தில் முணுமுணுப்பு உண்டு. அந்த 8,000 பேர் போகும் இடம் எவ்வளவு என்று பாருங்கள்: மீன் சந்தை, ப்ரிக்கன் என்னும் பழைய மரக்கட்டட வரிசை, ஃப்ளொய்யன் மலைக்கு ஏறும் இழுவை ரயிலின் கீழ்நிலையம். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். கோடையில் நான்கு கப்பல் ஒன்றாக நின்றால் இந்தத் துண்டு நிலத்தில் சக்கர நாற்காலியைத் திருப்ப இடம் கிடையாது. கூட்டத்தில் முதலில் தோற்பவர் மெதுவாக நடப்பவர்தான். கூட்டத்தைக் குறைப்பது அவருக்கு எதிரான காரியம் என்று சொல்பவர்கள் அந்த வரிசையில் ஒரு முறையாவது ஊன்றுகோலோடு நின்று பார்க்கட்டும்.

அந்த இழுவை ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1918இல் ஓடத் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. 2022இல் பெட்டிகள் புதிதாக வந்தன. சக்கர நாற்காலியோடு ஏறி, மேலே படியில்லாமல் இறங்கி, ஊரையும் தீவுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பயணிகள் கவனிக்காத ஒன்று: வழியில் சின்னச் சின்ன நிறுத்தங்கள் உண்டு. மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள், குழந்தைத் தள்ளுவண்டியோடு போகும் தாய்மார், மளிகைப் பையோடு வீடு திரும்பும் கிழவர்கள் ஏறி இறங்கும் நிறுத்தங்கள் அவை. செங்குத்தான சரிவில் குடியிருப்பவர்களுக்கு இது காட்சிமேடைக்குப் போகும் வண்டி மட்டுமில்லை, வீட்டுக்குப் போகும் வண்டியும்தான்.

டிராம் கதையும் இப்படித்தான். பெர்கனின் டிராம் 2010இல் தொடங்கியது. நார்வேயின் முதல் அணுகல் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2009 ஜனவரியில், நடைமுறைக்கு வந்திருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்து, பொதுமக்களுக்கான வசதிகள் யாரும் பயன்படுத்தும்படி அமைய வேண்டும் என்று கட்டாயப்படுத்திய சட்டம். டிராமில் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். சாய்தளத்தை இழுத்துப் போட ஓட்டுநரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனித்தனியாக ஒரு சிறு இசைத்துணுக்கு வைத்திருக்கிறார்கள். பார்வையில்லாதவர் பெயர் சொல்வதற்கு முன்பே தன் நிறுத்தத்தைக் காதால் பிடித்துக்கொள்ளலாம். 2017இல் பாதை விமான நிலையம்வரை நீண்டது. அங்கிருந்து நகர மையத்துக்கு முக்கால் மணி நேரம், சாதாரண நகரப் பயணச்சீட்டு போதும். நார்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால் புகைக் கணக்கும் மிகச் சொற்பம். இந்த டிராமில் பசுமை எந்தப் பக்கம், அணுகல் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை எங்கே விட்டுக்கொடுத்தார்கள்?

இன்னொரு பிழையும் இந்தப் பொதுக்கருத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நல்ல பயணம் என்பது நல்ல பயணியின் குணம் என்ற நம்பிக்கை. துண்டைத் துவைக்கப் போடாதே, பிளாஸ்டிக் பாட்டில் வாங்காதே, உள்ளூர் மொழியில் நன்றி சொல். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நார்வேயின் கரையில் நடந்த உண்மையான மாற்றத்தில் பயணியின் மனச்சாட்சிக்குப் பங்கே கிடையாது. சோக்ன ஃபியோர்டைக் குறுக்கே கடக்கும் லாவிக்–ஓப்பெடால் வழித்தடத்தில் 2015இல் ஆம்பியர் என்ற படகு ஓடத் தொடங்கியது. பேட்டரியில் மட்டும் ஓடும் உலகின் முதல் கார்ப் படகு அது. எப்படி வந்தது? சாலைத்துறை அந்த வழித்தடத்துக்குப் போட்டி வைத்தது. சுற்றுச்சூழலுக்கு ஏற்ற படகு கொண்டுவருபவருக்கே ஒப்பந்தம் என்றது. இரு கரையிலும் மின்கம்பிகளுக்கு அவ்வளவு வலு இல்லை. படகு ஒரேயடியாக மின்சாரத்தை உறிஞ்சினால் சுற்று வட்டாரம் தாங்காது. அதனால் கரையிலேயே பெரிய பேட்டரிகளை வைத்து, மெதுவாக அவற்றை நிரப்பி, படகு வந்து நின்ற பத்து நிமிடத்தில் அதற்குக் கொடுக்கிறார்கள். அதன் பிறகு நாடாளுமன்றமே புதிய படகு டெண்டர்களில் இந்த நிபந்தனையைக் கேட்க, இன்று அந்த நாட்டில் மின்படகுகள் பல பத்துக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் காரோடு ஏறுபவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர், ஆட்டுக்குட்டி விற்கப் போகிறவர். தான் பசுமைப் பயணம் செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது.

அப்படியானால் ஃபியோர்டுக்குள் வரும் சொகுசுக் கப்பலுக்கும் இதே நிபந்தனையை வைத்தால் என்ன? வைத்தார்கள். கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகள் 2005 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்குள் வரும் சுற்றுலாக் கப்பல்களும் படகுகளும் 2026க்குள் புகையே விடாமல் வர வேண்டும் என்று 2018இல் நார்வே நாடாளுமன்றம் தீர்மானித்தது. கெடு நெருங்கியதும் என்ன நடந்தது? சிறிய கப்பல்களுக்கு 2026 அப்படியே இருக்கட்டும், 10,000 டன்னுக்கு மேற்பட்ட பெருங்கப்பல்களுக்கு 2032 போதும் என்று அரசு தளர்த்திக்கொடுத்தது. பெருங்கப்பலுக்கான தொழில்நுட்பம் இன்னும் கனியவில்லை, ஊர்க்காரர்களின் பிழைப்பு கெடும், கப்பல்கள் பக்கத்து ஃபியோர்டுக்குத் திரும்பிவிடும் என்று காரணங்கள். கடைசிக் காரணத்தில் உண்மை உண்டு. பட்டியலில் இல்லாத ஃபியோர்டின் காற்று மட்டும் மலிவா என்ன? அப்படியென்றால் விதியை விரிக்க வேண்டும். கெடுவைத் தள்ளிப்போடுவது அதற்கு மருந்தாகாது. அதிகம் புகைவிடுபவருக்கு ஆறு ஆண்டு அவகாசம், குறைவாக விடுபவருக்கு உடனடி விதி என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெர்கன் துறையில் 2020 முதல் கரை மின்சாரம் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று கப்பல்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். மலைகள் சூழ்ந்த ஊரில் புகை எளிதில் கலையாது என்பதால் இது பெரிய உதவி. இதை நான் இகழமாட்டேன். ஆனால் இணைப்பைக் கழற்றிக்கொண்டு புறப்பட்ட நிமிடத்திலிருந்து அடுத்த துறைவரை எரிவது பெரும்பாலும் எண்ணெய்தான். விளம்பரத்தில் கப்பல் நிற்கும் படம் மட்டும் வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

'சரி, பெருங்கப்பல் வேண்டாம். அந்த முதியவர் எதில் போவார்?' என்று மீண்டும் கேட்பார்கள். பதில் அந்தத் துறையிலேயே, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 1893இல் தொடங்கிய கரையோரக் கப்பல் சேவை. இன்று பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்க்கெனெஸ் வரை, 34 துறைகள், போய்வரப் பன்னிரண்டு நாட்கள். அரசு பணம் கொடுத்து நடத்தும் வழித்தடம் இது. 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் பங்கிட்டு ஓட்டுகின்றன. அவற்றில் ஒன்றின் கப்பல்கள் இயற்கை எரிவாயுவோடு பெரிய பேட்டரியும் கொண்டவை. சில மணி நேரம் எஞ்சின் சத்தமே இல்லாமல் போகக்கூடியவை. லிஃப்டும் சக்கர நாற்காலிக்கான அறைகளும் உண்டு. முழுப் பயணம்தான் போக வேண்டும் என்பதில்லை. பெர்கனில் ஏறி மறுநாள் ஓலெசுண்டில் இறங்கலாம். கப்பல் நடுராத்திரியிலும் ஏதோ ஒரு சிறு துறையில் கால்மணி நேரம் நிற்கும், கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் வண்டி சில சரக்குக் கட்டுகளை இறக்கும், பையோடு ஒருவர் இறங்கி இருட்டில் நடந்துபோவார். குறையும் சொல்லிவிடுகிறேன்: ஓதம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப இறங்குபலகையின் சரிவு மாறும். நீர் தாழ்ந்த நேரத்தில் சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் துணை வேண்டும். செலவும் குறைவில்லை.

இந்தக் கப்பலை நம்மவர்களில் ஒரு பகுதியினர் நன்றாக அறிவார்கள். 1980களில் வட நார்வேயின் ஃபின்மார்க் கரையில் மீன் ஆலைகளுக்கு ஆள் கிடைக்காமல் இருந்தபோது, குளிரில் நின்று மீன் வெட்டிய கைகளில் ஈழத்தமிழர் கைகள் பல. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த அந்த ஊர்களில் ஆலைகளை ஓடவைத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பயண இதழ்கள் உலகின் அழகான கடற்பயணம் என்று எழுதும் வழித்தடம், சாலைகள் பனியில் மூடும் அந்தக் கரையில் சரக்கும் ஆளும் வந்துபோகும் பாதை. சுற்றுலாப் பயணிக்கு அதில் இடம் கிடைப்பது, அங்கே வாழ்பவருக்கு அது தேவைப்படுவதால்.

சென்னையிலிருந்து போகும் குழுப்பயணங்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. கோபன்ஹேகன், இரவுக் கப்பலில் ஓஸ்லோ, ஃப்ளோம் ரயில், பெர்கனில் ஒரு ராத்திரி, அப்புறம் ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி. 'வயசானவங்களுக்கு ரொம்பத் தோது சார், எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்' என்பார்கள். பார்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் காலை ஐந்தரைக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும், ஆறரைக்கு இட்லிக்குப் பதிலாக ரொட்டி, ஏழுக்கு பஸ். எழுபது வயது முழங்கால் இதைவிட ஓடிக் களைக்க வேறு வழி இல்லை. விமானத்தில் போய்வரும் புகை டன் கணக்கில். அதை எந்தத் துணிப்பையும் ஈடுகட்டாது. அவ்வளவு தூரம் போனபின் நான்கு நாடு பார்க்காமல் ஒரே கரையில் இரண்டு வாரம் இருப்பதுதான் புகைக் கணக்குக்கும் முழங்காலுக்கும் நல்லது. அந்தத் திட்டத்தை முகவர்கள் விற்பதில்லை. தினம் ஒரு ஹோட்டல், தினம் ஒரு ஊர் என்று இருந்தால்தான் துண்டுப்பிரசுரம் கனமாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் கப்பலை வெறுப்பவர்கள், பழமையை நேசிப்பவர்கள். 'ப்ரிக்கனில் சாய்தளமா? மரப்பலகை நடைவழியைத் தொட்டால் பழமை போய்விடும்' என்பார்கள். ப்ரிக்கன் 1979 முதல் உலகப் பாரம்பரிய இடம். ஜெர்மன் ஹன்சா வணிகர்கள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து வடக்கின் காய்ந்த காட் மீனை வாங்கித் தானியத்தை விற்ற இடம். இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1702 பெருந்தீக்குப் பிறகு, பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பப்பட்டவை. 1955இல் மீண்டும் தீ. ஒரு பகுதி போய்விட்டது. எரிவதும் பலகை மாற்றுவதும் திரும்பக் கட்டுவதும்தான் அந்த இடத்தின் வாழ்க்கை.

அந்த 1955 தீயில் அழிந்த இடத்தில் பிறகு என்ன செய்தார்கள் என்பது பழமைவாதிகள் அதிகம் பேசாத விஷயம். முதலில் தொல்லியல் ஆய்வு நடந்தது. அதன் பயனாக 1976இல் ஓர் அருங்காட்சியகம் வந்தது. அதையடுத்து, 1980களின் தொடக்கத்தில், ஒரு பெரிய ஹோட்டல். முகப்பு பழைய பாணிதான். ஆனால் நிலத்தடியில் தாழ்வாக இறங்கிய அதன் வடிகால் ஏற்பாடு சுற்றிலும் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ப்ரிக்கனின் அடியில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மரத்தூள், எலும்பு, குப்பை என்று மக்கிய அடுக்குகள் நீரில் ஊறியிருக்கும்வரை கெடாது. நீர் இறங்கினால் காற்று நுழையும், அடுக்கு அழுகும், மேலே நிற்கும் கட்டடம் தாழும். ஹோட்டலை ஒட்டிய பகுதியில் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்ததை அளந்தே கண்டார்கள். பிறகு மழைநீரைத் தேக்கி மெல்ல மண்ணுக்குள் விடும் ஏற்பாடுகள் செய்து நீர்மட்டத்தை மீட்க வேண்டியிருந்தது. மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் தப்பித்தார்கள். ஹோட்டல் கட்டிலுக்காக உலகப் பாரம்பரியத்தின் அடிமண்ணையே அசைக்க அனுமதித்தவர்கள், இரண்டு பலகையை உயர்த்திச் சமமாக்கச் சொன்னால் பாரம்பரியம் என்று கையெடுப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எல்லா மாடிக்கும் லிஃப்ட் வைக்க முடியாது, வைக்கக் கூடாது. நார்வேயின் சட்டமே பாரம்பரியப் பாதுகாப்பை ஒரு நியாயமான விலக்காக எடுத்துக்கொள்கிறது. கேட்பது கீழ்த்தள நடைவழியும், பக்கத்து அருங்காட்சியகத்துக்குத் தடையில்லாத பாதையும்தான்.

மரியாதை பற்றிய பேச்சும் இதே மாதிரிக் கோணலாகத்தான் நடக்கிறது. நோர்ட்னெஸ், சாண்ட்வீக்கன் பகுதிகளில் கல்பாவிய ஒடுங்கிய சந்துகள் உண்டு, வெள்ளை மரவீடுகள், ஜன்னலில் பூத்தொட்டி. ஜன்னலுக்கு உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே கேமராவை நீட்டாதே என்பது பாடம். சரியான பாடம். ஆனால் மிக நல்லவர்கள் இருநூறு பேர் ஒரு வழிகாட்டியின் கொடியின் பின்னால் அதே சந்தில் புகுந்தால், ஒவ்வொருவரும் கைகட்டி நடந்தாலும் அந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்க முடியாது. அங்கே குணத்தைவிட எண்ணிக்கை பேசுகிறது. 1957ஆம் ஆண்டின் வெளிப்புறச் சட்டத்தையே பாருங்கள்: நார்வேயில் எவரும், வெளிநாட்டுக்காரர் உட்பட, சாகுபடி செய்யாத திறந்த நிலத்தில் நடக்கலாம், கூடாரம் போடலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் கேட்காமல் தங்கக் கூடாது. நல்லவராக இருங்கள் என்று அந்தச் சட்டம் உபதேசம் செய்யவில்லை. மீட்டரில் அளந்து சொல்கிறது. அப்படியும் லோஃபோட்டன் தீவுகளில் கடற்கரைப் புதர்களில் மலம் கிடக்கிறதென்று ஊரார் குமுறுகிறார்கள். அங்கே குறைந்தது பண்பாடு என்று எழுதுவார்கள். குறைந்தது கழிப்பறை.

2025இல் நார்வே நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டம் இயற்றியது. சுற்றுலா நெருக்கும் நகராட்சிகள் தங்கும் கட்டணத்தின் மேல் 3 சதவீதம்வரை வரி போடலாம். சொகுசுக் கப்பல்களிடமும் வாங்கலாம். ஹோட்டல்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏற்கெனவே விலை உயர்ந்த நாடு, இன்னும் ஏற்றினால் பணக்காரர் மட்டும்தான் வருவார் என்கிறார்கள். நூற்றுக்கு மூன்று குரோனருக்காகப் பயணத்தை ரத்து செய்யும் ஏழை முதலில் அந்த ஹோட்டலில் அறை எடுத்திருக்கவே மாட்டார். எனக்குள்ள கவலை வேறு. இந்தப் பணம் வண்ணப் பலகைகளிலும் 'பொறுப்பாகப் பயணிப்பீர்' என்ற வாசகத் தட்டிகளிலும் கரைந்துவிடக் கூடாது. கரையோரக் கப்பல் நிற்கும் சிறு துறைகளில் ஓதத்துக்கேற்ப ஏறி இறங்கும் மிதவை மேடை, சந்துகளின் முனையில் சாய்ந்து உட்காரப் பெஞ்சு, ப்ரிக்கனின் கீழ்நடையில் சமமான பலகை, படியில்லாத பொதுக் கழிப்பறை. எல்லாவற்றிலும் முதலில் கழிப்பறை. அதுவும் செப்டம்பரோடு பூட்டிவிட்டுப் போகிற மாதிரி இல்லை. நவம்பர் மழையிலும், துறையில் ஒரு சுற்றுலாக் கப்பலும் இல்லாத நாளிலும் திறந்திருக்கிற மாதிரி. அப்போதும் அந்த ஊரில் 2,90,000 பேர் இருக்கிறார்கள்.